செல்வரின் உயிலும் மருத்துவ ஆய்வும்: மார்க்கி அறக்கட்டளை எழுப்பும் கேள்விகள்

ஒருவர் தம் பெருஞ்செல்வத்தை மருத்துவ ஆய்வுக்கென எழுதிவைத்துவிட்டு மறைகிறார். அந்தப் பணத்தை எப்படிச் செலவிட்டால் நோயாளிகளுக்கும் அறிவியலுக்கும் அதிகப் பயன் கிடைக்கும்? முதலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் காலமெல்லாம் கொடுத்துவருவதா, ஒரு தலைமுறைக்குள் எல்லாவற்றையும் கொடுத்து முடிப்பதா? ஆய்வுத் திட்டத்தைப் பார்த்துக் கொடுப்பதா, ஆய்வாளரை நம்பிக் கொடுப்பதா? ஒரு நோயைக் குறிவைப்பதா, எந்த நோயையும் பெயர் சொல்லாமல் உயிரியலின் அடிப்படைகளை வளர்ப்பதா?

இந்தக் கேள்விகளில் சில, நவீன மருத்துவ ஆய்வைவிடப் பழையவை. அவற்றுக்குச் சொல்லப்பட்ட விடைகளை ஒப்பிட்டுப் பார்க்க நல்லதோர் எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துப் பந்தயக் குதிரை உரிமையாளர் லூசில் மார்க்கியின் பெயரில் இயங்கிய அறக்கட்டளை. அதன் நோக்கம் தெளிவானது; காலம் வரையறுக்கப்பட்டது; முடிவில் அதன் பணி வெளியாரின் மதிப்பீட்டுக்கும் உட்பட்டது. இந்த மூன்றும் ஓரிடத்தில் சேர்வது அரிது. அந்த அறக்கட்டளையை மையமாக வைத்து முக்கிய நிலைப்பாடுகளையும் அவற்றின் குறைகளையும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

கலுமெட் பண்ணையின் செல்வம்

இந்தச் செல்வத்தின் தொடக்கம் குதிரையில் இல்லை, சமையலறையில் இருக்கிறது. சிகாகோவின் கலுமெட் பேக்கிங் பவுடர் நிறுவனத்தை வளர்த்த வில்லியம் மன்றோ ரைட், 1924இல் கென்டக்கியின் லெக்சிங்டனில் கலுமெட் பண்ணையைத் தொடங்கினார். அப்போது அங்கே வளர்ந்தவை வண்டியிழுத்து ஓடும் பந்தயக் குதிரைகள். பேக்கிங் பவுடர் நிறுவனம் 1920களின் இறுதியில் சுமார் 3.2 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. 1931இல் தந்தை இறந்தபின் மகன் வாரன் ரைட், சவாரிப் பந்தயங்களில் ஓடும் தரோபிரெட் குதிரைகளுக்கு மாறினார். அவருடைய மனைவிதான் லூசில்.

பென் ஜோன்ஸ் என்ற பயிற்சியாளரின் கையில் கலுமெட் அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தின் முதன்மைப் பண்ணையாயிற்று. 1941இல் விர்லவே, 1948இல் சைட்டேஷன் ஆகிய குதிரைகள் மூன்று பெரும் பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வென்று ‘டிரிப்பிள் கிரவுன்’ பெற்றன. 1950இன் இறுதியில் வாரன் ரைட் இறந்தார். அதன்பின் பண்ணையை நடத்தியவர் லூசில். 1952இல் திரைக்கதை எழுத்தாளரும் கடற்படை அதிகாரியுமான ஜீன் மார்க்கியை மணந்துகொண்டார். அவர் காலத்திலும் கலுமெட் குதிரைகள் கென்டக்கி டெர்பியை வென்றன. 1978இல் அவருடைய அலிடார், டிரிப்பிள் கிரவுனின் மூன்று பந்தயங்களிலும் அஃபர்ம்டுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தது.

1982இல் லூசில் மார்க்கி காலமானார். அவருடைய உயிலின்படி அடுத்த ஆண்டு பிறந்த அறக்கட்டளைக்கு, அடிப்படை மருத்துவ ஆய்வை ஆதரித்து ஊக்குவிப்பது ஒன்றே நோக்கம். எண்ணெய், எரிவாயு உரிமைகளிலிருந்து வந்த வருமானம் அதன் சொத்தில் பெரும்பகுதி. 15 ஆண்டுக் கால வரம்போடு இயங்கிய அறக்கட்டளை, ஏறத்தாழ 50 கோடி டாலரை வழங்கிவிட்டு 1997இல் கதவை மூடிக்கொண்டது. வாரன் ரைட்டின் உயிலின்படி குடும்ப வாரிசுகளிடம் சென்ற பண்ணையோ 1991இல் திவாலானது.

காலமெல்லாமா, காலக்கெடுவோடா?

நிரந்தர அறக்கட்டளைகளுக்கு எதிரான வாதத்தைக் கூர்மையாக முன்வைத்த தொடக்ககாலச் சிந்தனையாளர்களில் ஒருவர் பிரான்சின் டர்கோ. 1757இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் எழுதிய கட்டுரையில், இறந்தவரின் விருப்பம் வாழ்பவர்களின் தேவையை என்றென்றும் கட்டுப்படுத்தக் கூடாது என்று அவர் வாதிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் இதே திசையில் எழுதினார். அமெரிக்காவில் இந்தக் கருத்தைச் செயலில் காட்டியவர் சியர்ஸ் நிறுவனத்தின் ஜூலியஸ் ரோசன்வால்ட். தம் மறைவுக்குப் பின் 25 ஆண்டுகளுக்குள் நிதி முழுவதும் செலவாக வேண்டும் என்று அவர் விதித்தார். 1932இல் அவர் இறந்தார். கெடுவுக்கு வெகு முன்னதாகவே, 1948இல், நிதி தன் பணியை முடித்துக்கொண்டது. ஒவ்வொரு தலைமுறையும் தன் தேவைகளைத் தானே அறியும், அதற்கான கொடையாளர்களையும் அது பெறும் என்பது இத்தரப்பின் நம்பிக்கை.

மருத்துவ ஆய்வில் இந்த நிலைப்பாட்டுக்கு வலுவான சான்றாகச் சொல்லத்தக்கது ஆரன் டயமண்ட் அறக்கட்டளை. 1987 முதல் ஏறத்தாழ பத்தே ஆண்டுகளில் சொத்து முழுவதையும் செலவிட்ட அது, நியூயார்க்கில் எய்ட்ஸ் கொடுமை உச்சத்தில் இருந்தபோது தனி ஆய்வு மையம் ஒன்றை நிறுவ உதவியது. டேவிட் ஹோ தலைமையிலான அந்த மையம், 1990களின் நடுவில் கூட்டு மருந்துச் சிகிச்சையை உருவாக்கிய ஆய்வுகளில் முக்கியப் பங்காற்றியது. ஆண்டுதோறும் சொத்தில் ஐந்து விழுக்காடு மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் அந்த வேகம் சாத்தியமாகியிருக்குமா என்பது நியாயமான கேள்வி.

எதிர்த்தரப்புக்கும் இணையான சான்று உண்டு. மருந்துத் தொழிலதிபர் ஹென்றி வெல்கம் 1936இல் இறந்தபோது மரபணுவின் எழுத்துகளைப் படிக்கும் நுட்பம் யார் கற்பனையிலும் இல்லை. அவருடைய அறக்கட்டளை நிலைத்திருந்ததால்தான் 1990களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் அருகே சாங்கர் மையத்தை நிறுவ முடிந்தது. மனித மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதி அங்கேதான் வாசிக்கப்பட்டது. எதிர்காலத்தில் வரப்போகும் வாய்ப்புக்குக் கையில் பணம் வேண்டும் என்ற வாதத்தை இதைவிடத் தெளிவாக நிறுவுவது கடினம்.

இரு தரப்பிலும் குறைகள் உண்டு. நிரந்தர அறக்கட்டளை காலப்போக்கில் தன்னைக் காத்துக்கொள்வதையே முதற்பணியாகக் கொள்ளக்கூடும். கெடு வைத்த அறக்கட்டளை, தான் விலகியபின் தொடரவேண்டிய பணிகளை வேறு எவர் தலையிலோ விட்டுச்செல்கிறது. மார்க்கி அறக்கட்டளைக்கும் இந்தக் கவலை பொருந்தும். 15 ஆண்டுகளுக்குள் தொடங்கி வளர்த்த துறைகளைப் பிறகு தாங்கவேண்டியவை அந்தந்தப் பல்கலைக்கழகங்களே. கேட்ஸ் அறக்கட்டளை 2045இல் மூடப்படும் என்று 2025இல் அறிவிக்கப்பட்டதால், இந்தக் கேள்வி இப்போது முன்னெப்போதையும்விடப் பெரிய அளவில் எழுந்திருக்கிறது.

திட்டத்துக்கா, ஆளுக்கா?

அமெரிக்க அரசின் தேசிய சுகாதாரக் கழகங்கள் பெரும்பாலும் திட்டத்தைப் பார்த்தே நிதி தருகின்றன. என்ன செய்யப்போகிறீர்கள், முதற்கட்டத் தரவு என்ன, எத்தனை ஆண்டில் முடியும் என்று கேட்டு, சக ஆய்வாளர் குழு மதிப்பிட்டுப் பணம் ஒதுக்குகிறது. பொதுப்பணத்துக்குக் கணக்குச் சொல்ல இது நல்ல வழி. ஆனால் ஏற்கெனவே பாதி நிரூபிக்கப்பட்ட எண்ணங்களுக்கே இதில் வாய்ப்பு அதிகம் என்பது நெடுநாள் குறை. இளையோர் இதில் பின்தங்குகிறார்கள். இக்கழகங்களின் முதல் பெரிய நல்கையைப் பெறும் ஆய்வாளரின் சராசரி வயது 1980இல் முப்பதுகளின் நடுப்பகுதியில் இருந்தது; இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குள் நாற்பதைத் தாண்டிவிட்டது.

மார்க்கி அறக்கட்டளை இந்த இடைவெளியைக் குறிவைத்தது. ‘மார்க்கி ஸ்காலர்’ என்ற பெயரில் 113 இளம் ஆய்வாளர்களைத் தேர்ந்தெடுத்து, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சிக் காலத்தில் தொடங்கிய ஆதரவை, அவர்கள் பேராசிரியப் பணியில் சேர்ந்து சொந்த ஆய்வகம் அமைக்கும் ஆண்டுகளிலும் தொடர்ந்தது. பயிற்சியிலிருந்து பணிக்கு மாறும் ஆண்டுகளில்தான் அறிவியலாளர்கள் பலர் ஆய்வைக் கைவிடுகிறார்கள், அல்லது துணிச்சலான கேள்விகளைக் கைவிடுகிறார்கள். அந்த ஆண்டுகளை ஒரே நல்கையால் இணைத்ததே இத்திட்டத்தின் சிறப்பு. தேசிய சுகாதாரக் கழகங்கள் சுமார் இருபது ஆண்டுகள் கழித்துத் தொடங்கிய ‘சுதந்திரத்துக்கான பாதை’ நல்கையும் பயிற்சிக் காலத்தையும் பணிக் காலத்தையும் இதேபோல இணைக்கிறது. இடையில் பர்ரோஸ் வெல்கம் நிதியமும் இத்தகைய திட்டத்தை நடத்தியதால், அரசின் முடிவுக்கு மார்க்கியை மட்டும் காரணமாகக் காட்ட முடியாது. ஆயினும் தனியார் பணம் சிறிய அளவில் முயன்று பார்த்த வடிவத்தை அரசு பெரிய அளவில் ஏற்றது என்று சொல்லலாம்.

ஆளை நம்பிக் கொடுப்பதற்கான அளவைச் சான்றுகளில் அதிகம் பேசப்படுவது, பியர் அசுலே, ஜோஷுவா கிராஃப் சிவின், குஸ்தாவோ மான்சோ ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு. ஹவர்ட் ஹியூஸ் மருத்துவக் கழகம் திட்டத்தைப் பாராமல் ஆய்வாளரைத் தேர்ந்து நீண்டகால ஆதரவு தருகிறது. தொடக்கத் தோல்விகளைப் பொறுத்துக்கொள்கிறது. அத்தகைய ஆதரவு பெற்றவர்களை, ஏறத்தாழ ஒத்த தகுதியுடன் அரசு நல்கையில் இயங்கியவர்களோடு ஒப்பிட்டபோது, முன்னவர்கள் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளைக் கூடுதலாக எழுதியிருந்தனர். யாரும் கவனிக்காத கட்டுரைகளையும் கூடுதலாகவே எழுதியிருந்தனர். துணிந்து முயல்பவர்கள் அதிகம் வெல்லவும் செய்கிறார்கள், அதிகம் தவறவும் செய்கிறார்கள் என்பதற்கு இது பொருத்தமான சான்று.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் தேர்வில் இருக்கிறது. நல்லவர்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு, அவர்கள் நன்றாகச் செய்தார்கள் என்று காட்டுவது நல்கையின் வெற்றியா, தேர்வின் வெற்றியா? அசுலே குழு இதைச் சரிக்கட்டக் கவனமாக முயன்றிருக்கிறது. முழுமையாகச் சரிக்கட்டிவிட்டதாக யாரும் உறுதியாகச் சொல்ல இயலாது.

ஒரு நோயா, அடிப்படை அறிவா?

பந்தயக் குதிரை உரிமையாளர்களின் வரலாற்றிலேயே இந்தக் கேள்விக்கு மூன்று வேறுபட்ட விடைகள் கிடைக்கின்றன.

முதலாவது ஜாக் டிரைஃபஸின் வழி. பங்குச் சந்தையில் பெருஞ்செல்வம் ஈட்டிய அவருடைய ஹோபோ பண்ணையின் குதிரையான ஆனியன், 1973இல் சாரடோகாவில் நடந்த விட்னி பந்தயத்தில் செக்ரட்டேரியட்டையே தோற்கடித்தது. தம்மை வாட்டிய மனச்சோர்வுக்கு, வலிப்பு நோய் மருந்தான ஃபெனிடாயின் நிவாரணம் தந்ததாக அவர் நம்பினார். அந்த மருந்தின் பிற பயன்களை உலகுக்குச் சொல்வதற்கென்றே மருத்துவ அறக்கட்டளை ஒன்றை நிறுவி, பெரும்பணம் செலவிட்டார், நூலும் எழுதினார். நோக்கம் தூயது, அனுபவமும் உண்மையானது. ஆனால் விடையை முதலிலேயே தீர்மானித்துவிட்டு ஆய்வுக்குப் பணம் தரும்போது, அந்த விடை தவறெனக் காட்டும் ஆய்வுக்கு இடம் சுருங்குகிறது. மனச்சோர்வுக்கான மருந்தாக ஃபெனிடாயினுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைக்கவில்லை.

இரண்டாவது, பதிப்புத் தொழிலதிபரும் வர்ஜீனியாவின் ஸ்பிரிங் ஹில் பண்ணை உரிமையாளருமான எட்வர்ட் எவன்ஸின் வழி. குவாலிட்டி ரோடு என்ற குதிரையால் அறியப்பட்ட அவர் பெயரிலான அறக்கட்டளை, மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம் எனப்படும் எலும்பு மஜ்ஜை நோய்த்தொகுதியின் ஆய்வில் கவனம் செலுத்துகிறது. இங்கே குறிக்கோள் ஒரு நோய். விடை திறந்தே இருக்கிறது. இதே வகையில் மூத்த எடுத்துக்காட்டு 1932இல் இந்தியாவில் தோன்றிய லேடி டாடா நினைவு அறக்கட்டளை. ரத்தப் புற்றுநோயால் மனைவி மெஹர்பாயை இழந்த தோராப்ஜி டாடா அதை நிறுவினார். அதன் வருமானத்தில் பெரும்பகுதி, நாட்டு எல்லை பாராமல், உலகெங்கும் ரத்தப் புற்றுநோய் ஆய்வுக்குச் சென்றது. பரவலாகக் கவனிக்கப்படாத நோய்களுக்கு இத்தகைய அறக்கட்டளைகள் ஆய்வாளர் சமூகத்தையே உருவாக்கித் தருகின்றன. ஆனால் எந்த நோய்க்குப் பணம் வரும் என்பதைச் செல்வர்களின் குடும்பத்து இழப்புகள் தீர்மானிக்கும்போது, ஏழைகளின் நோய்கள் வரிசையில் கடைசிக்குத் தள்ளப்படும் அபாயம் உண்டு.

மூன்றாவது மார்க்கியின் வழி: அடிப்படை ஆய்வு. இதற்கு முன்னோடி ராக்ஃபெல்லர் அறக்கட்டளை. 1932இல் அதன் இயற்கை அறிவியல் பிரிவுக்குப் பொறுப்பேற்ற வாரன் வீவர், இயற்பியல், வேதியியல் முறைகளை உயிரியலுக்குள் கொண்டுவருவோருக்குப் பணம் ஒதுக்கினார். ‘மூலக்கூறு உயிரியல்’ என்ற பெயரையே 1938இல் அவர்தான் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மேக்ஸ் பெருட்ஸின் ஹீமோகுளோபின் ஆய்வுக்கு அந்த அறக்கட்டளையின் நல்கை 1939இல் கைகொடுத்தது. பெருட்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1962இல். அடிப்படை ஆய்வின் பலன் தெரிய இருபதாண்டுகளுக்கும் மேல் ஆகலாம் என்பதையே இது உணர்த்துகிறது. 15 ஆண்டுகளில் மூடப்பட்ட அறக்கட்டளை தன் விளைச்சலைத் தானே காண முடியாது. வரம்பும் அடிப்படை ஆய்வும் சேர்ந்த மார்க்கியின் ஏற்பாட்டில் இந்த இழுபறி இயல்பாகவே உள்ளடங்கியிருக்கிறது.

ஆய்வகத்துக்கும் நோயாளிக்கும் இடையில்

அடிப்படை ஆய்வுக்குக் கொடுப்பவர்கள்மீது வைக்கப்படும் வழக்கமான குற்றச்சாட்டு, அது நோயாளியைச் சென்றடைவதில்லை என்பது. மருத்துவம் பார்த்துக்கொண்டே ஆய்வும் செய்பவர்கள் அருகிவருகிறார்கள் என்று 1979இலேயே அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஜேம்ஸ் வின்கார்டன் எச்சரித்தார். மருத்துவர்களுக்கு மூலக்கூறு உயிரியல் எட்டவில்லை; முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு நோயின் முகமே தெரியவில்லை. இந்தப் பிளவைச் சரிசெய்ய, மார்க்கி அறக்கட்டளை பயிற்சித் திட்டங்களுக்கென ஒரு பகுதி நிதியை ஒதுக்கியது. முனைவர் பட்ட மாணவர்களுக்கு நோயியல் அறிவையும், மருத்துவர்களுக்கு ஆய்வகப் பயிற்சியையும் கொடுப்பது அவற்றின் நோக்கம். பின்னாளில் ஹவர்ட் ஹியூஸ் கழகமும் முனைவர் பட்டப் படிப்பில் மருத்துவ அறிவைச் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. யோசனை நிலைத்தது, ஆனால் இருபுறமும் தேர்ந்த ஆய்வாளர்களின் பற்றாக்குறை இன்னும் பேசப்படுகிறது. நல்கை முடிந்தபின் கல்வித்துறையின் பழைய எல்லைகள் மீண்டும் இறுகிவிடுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அரசு இருக்க இது எதற்கு?

ஆண்டுக்குச் சராசரியாக மூன்று கோடி டாலருக்குச் சற்று மேல் மார்க்கி அறக்கட்டளை கொடுத்தது. அதே காலத்தில் தேசிய சுகாதாரக் கழகங்களின் ஆண்டு நிதி ஏறத்தாழ 500 கோடி டாலரிலிருந்து 1,200 கோடி டாலருக்கு மேல் உயர்ந்தது. ஒப்பிட்டால் மார்க்கியின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அளவைக் கொண்டு இத்தகைய அறக்கட்டளையை நியாயப்படுத்த முடியாது. அரசியல் தத்துவ அறிஞர் ராப் ரைக் 2018இல் வெளியிட்ட நூலில் முன்வைத்த வாதம் இங்கே உதவுகிறது. செல்வரின் அறக்கட்டளைக்கு வரிச்சலுகை உண்டு. ஆகவே அதில் பொதுமக்களின் பணமும் கலந்திருக்கிறது. மக்கள் தேர்ந்தெடுக்காத சிலர் அதை நிர்வகிப்பது மக்களாட்சிக்கு இடறல். தேர்தலுக்கும் சந்தைக்கும் கட்டுப்படாமல், நெடுநோக்கோடு புதிய முயற்சிகளைச் சோதித்துப் பார்த்தால் மட்டுமே அந்தச் சலுகைக்கு நியாயம் உண்டு. மார்க்கியின் இளம் ஆய்வாளர் திட்டம் இந்தச் சோதனையில் பெருமளவு தேறுகிறது என்றே தோன்றுகிறது.

ஆனால் இன்னொரு குறை நிற்கிறது. ஏற்கெனவே பெயர்பெற்றவர்களுக்கே மேலும் பெயர் சேரும் போக்கைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968இல் சுட்டிக்காட்டினார். சிறந்த ஆய்வு நிறுவனங்களைத் தேடிச் செல்லும் தனியார் பணம் இந்தப் போக்கை வலுப்படுத்தலாம். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் மூலக்கூறு மரபியல் மையம், பர்டூவின் கட்டமைப்பு உயிரியல் மையம் போன்றவை மார்க்கி பெயரைத் தாங்கியிருப்பது, பணம் மிகச் சில செல்வச்செழிப்பான வளாகங்களுக்குள் மட்டும் சுருங்கிவிடவில்லை என்பதைக் காட்டுகிறது. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் மையமும் அவர் பெயரையே தாங்குகிறது. 2013இல் அது தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் அங்கீகாரம் பெற்றது. அந்தப் பகுதி நோயாளிகளுக்கு அவர் பெயர் இன்றும் கண்ணெதிரே பயன்படுவது அங்கேதான்.

அளவிடுவதன் சிக்கல்

தன் பணியை மதிப்பிடும்படி அறக்கட்டளையே அமெரிக்க தேசிய ஆய்வு மன்றத்தைக் கேட்டுக்கொண்டது. 2004க்கும் 2006க்கும் இடையில் பல அறிக்கைகள் வெளிவந்தன. தேர்வான இளம் ஆய்வாளர்களை, அதே போட்டியில் விண்ணப்பித்துத் தேர்வாகாதவர்களோடு ஒப்பிட்டது அவற்றின் முக்கியமான உத்தி. வெறும் வெற்றிக்கதைகளைத் தொகுப்பதைவிட இது நேர்மையான வழி. ஆனால் வரம்புகள் உண்டு. தேர்வாகாத திறமைசாலிகள் பலருக்கு வேறு நல்கைகள் கிடைத்திருக்கும். அப்போது ஒப்பீடு மார்க்கி நல்கைக்கும் நல்கையின்மைக்கும் இடையிலானதாக இராது. மேலும் மேற்கோள் எண்ணிக்கை, பதவி உயர்வு போன்ற அளவுகோல்கள் ஒரு கண்டுபிடிப்பின் மதிப்பை ஓரளவே காட்டும். துறைகளை வளர்க்க நிறுவனங்களுக்குக் கொடுத்த பெருந்தொகையை மதிப்பிடுவது இதைவிடக் கடினம். அங்கே பல்கலைக்கழகத்தின் பணம், அரசின் பணம், பிற கொடையாளர்களின் பணம் எல்லாம் கலந்துவிடுகின்றன.

எஞ்சும் கேள்விகள்

நிதானமாகப் பார்த்தால் சில முடிவுகளுக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. ஆய்வாளரின் வாழ்க்கையில் பயிற்சிக்கும் சொந்த ஆய்வகத்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் நீண்டகால ஆதரவு கொடுப்பது, சிறிய தொகைக்கும் பெரிய பயன் தரும் இடங்களில் ஒன்று. விடையை முன்கூட்டியே முடிவு செய்த கொடையைவிட, கேள்வியை மட்டும் வகுத்துக்கொண்டு விடையை ஆய்வாளர்களிடம் விட்டுவிடும் கொடை அறிவியலுக்கு உகந்தது. கால வரம்பைப் பொறுத்தவரை எந்தப் பக்கமும் இறுதித் தீர்ப்பு சொல்ல இயலாது. கண்முன் நிற்கும் பெருநோய்க்கு விரைந்த செலவு பொருந்தும். இன்னும் பிறவாத நுட்பங்களுக்கு நிலைத்த நிதி வேண்டும். இரண்டு வகையும் ஒரு நாட்டில் சேர்ந்து இருப்பதே பாதுகாப்பு.

மூன்று கேள்விகளுக்கு விடை இல்லை. மார்க்கியின் பணம் இல்லாமல் போயிருந்தால் அந்த 113 பேரில் எத்தனை பேர் ஆய்வை விட்டு விலகியிருப்பார்கள்? அறக்கட்டளை மூடப்பட்டபின், அது வளர்த்த திட்டங்களில் எவை தம் தன்மை மாறாமல் நிலைத்தன? தேர்வுக்குழுக்களின் கண்ணில் படாத கல்லூரிகளிலும் நாடுகளிலும் இருந்த திறமைசாலிகள் இழந்தது என்ன? முதல் கேள்விக்கு விடை காண, சமதகுதி பெற்ற விண்ணப்பதாரர்களிடையே குலுக்கல் முறையில் நல்கை தந்து பின்தொடர வேண்டியிருக்கும். இரண்டாவதற்கு, அறக்கட்டளைகள் மூடப்பட்டுப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் பதிவுகள் பேணப்பட வேண்டும். மூன்றாவதற்கு, யாருக்குக் கொடுத்தோம் என்பதோடு யார் விண்ணப்பிக்கவே இல்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். வரும் இருபதாண்டுகளில் தம் சொத்தைச் செலவிட்டு முடிக்க எண்ணும் அறக்கட்டளைகள் இந்த மூன்று ஏற்பாடுகளையும் தொடக்கத்திலேயே செய்துகொண்டால், அடுத்து இந்தக் கேள்வியை எழுப்புவோருக்கு இப்போது உள்ளதைவிட உறுதியான தரவு கையில் இருக்கும்.